ட்ரஸ்டுக்கு சாப்ட்வேர் தேடுகிறீர்களா? முதலில் ரிஜிஸ்டரை எடுங்கள்

சின்ன தொண்டு நிறுவனங்கள் பலவற்றில் சாப்ட்வேர் இப்படித்தான் வந்து சேர்கிறது: அறங்காவலருக்குத் தெரிந்த ஒருவர் லேப்டாப்போடு வருவார், கலர் கலராகத் திரையைக் காட்டுவார், எல்லாருக்கும் பிடித்துப்போகும். மூன்று மாதம் கழித்துப் போய்ப் பார்த்தால் களப்பணியாளர்கள் பழையபடி நோட்டில் எழுதி, அதை போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொண்டிருப்பார்கள். எங்கள் அமைப்பிலும் இதேதான் நடந்தது, கட்டிய பணமும் போனது. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

தேட ஆரம்பிப்பதற்கு முன் ஒரு வாரம் ஒதுக்கி, இப்போது புழங்கும் ரிஜிஸ்டர்களை எல்லாம் மேசையில் பரப்புங்கள். எது எத்தனை முறை எழுதப்படுகிறது, யார் எழுதுகிறார், கடைசியில் யார் கேட்கிறார்கள் என்று பாருங்கள். நன்கொடையாளருக்கு வரிச்சலுகை கிடைக்க 80ஜி ரசீது கொடுக்கும் அமைப்பு என்றால் வருமான வரித்துறைக்கு நன்கொடை விவர அறிக்கை (10பிடி) தர வேண்டும், நன்கொடையாளரின் பெயர், முகவரி, பான் போன்ற அடையாள எண், தொகை எல்லாம் அதில் வர வேண்டும், ஆனால் பல இடங்களில் மே மாதம்தான் பான் எண் கேட்டு ஒவ்வொருவருக்காக போன் போடுகிறார்கள். உங்கள் வலி இதுதான் என்றால் பெரிய சாப்ட்வேரே வேண்டாம், ரசீது போடும்போதே பான் எண் கேட்கும் ஒரு கூகுள் ஷீட் போதும்.

வலி எது என்று தெரிந்த பிறகு, உங்களைப் போலவே வேலை செய்யும் இன்னொரு அமைப்பைக் கேளுங்கள். அங்கே இயக்குநரைவிட தினமும் தகவலைப் பதிகிற அக்காவிடம் கேட்பதுதான் நல்லது, அவர் பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார்ந்தால் எந்த இடத்தில் மாட்டிக்கொள்கிறது, எதற்கு இன்னும் தனியாக நோட்டு வைத்திருக்கிறார் என்பதெல்லாம் தெரிந்துவிடும். எந்த டெமோவிலும் இது கிடைக்காது.

அப்புறம் சில பெயர்கள். களத்தில் சர்வே எடுக்க கோபோடூல்பாக்ஸ், ஓடிகே இரண்டும் உலகம் முழுக்கப் புழங்குபவை, சிக்னல் இல்லாத ஊரிலும் போனில் நிரப்பிவிட்டு நெட் கிடைத்ததும் அனுப்பலாம், கேள்விகளைத் தமிழிலேயே வைக்கலாம். ஒரே குழந்தையை, ஒரே கர்ப்பிணியைத் தொடர்ந்து கவனிக்க வேண்டும் என்றால் இந்தியாவில் உருவான அவ்னியைப் பாருங்கள். வாட்ஸ்அப் வழியாக நிறைய பேரோடு பேசக் கிளிஃபிக் இருக்கிறது, அதுவும் இங்கே தொண்டு நிறுவனங்களுக்காகவே செய்யப்பட்டது. அவ்னியும் கிளிஃபிக்கும் திறமூல மென்பொருட்கள், அதாவது அவற்றின் நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றிக்கொள்ளலாம். கணக்குக்கு உங்கள் ஆடிட்டர் டாலியில் பழகியவர் என்றால் அதை மாற்றாதீர்கள். போஸ்டர் செய்ய கேன்வா, மெயிலுக்கு கூகுள் என்று பல நிறுவனங்கள் தொண்டு அமைப்புகளுக்கு இலவசமாகவோ சலுகை விலையிலோ தருகின்றன. இவற்றுக்கு விண்ணப்பிக்கப் பதிவுச் சான்று, வருமான வரி விலக்குக்கான 12ஏ சான்று, பான் கார்டு மூன்றையும் ஸ்கேன் செய்து வையுங்கள், மூன்றிலும் அமைப்பின் பெயர் எழுத்துப் பிசகாமல் ஒன்றுபோல இருக்கிறதா என்று பாருங்கள். விண்ணப்பத்தை அமைப்பின் மெயிலிலிருந்து போடுங்கள், தன்னார்வலரின் சொந்த மெயிலில் போட்டால் அவர் வேலை கிடைத்துப் போகும்போது சாவியும் அவரோடு போய்விடும்.

தமிழிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ள ஆள் வேண்டுமா? கணியம் என்ற இணைய இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், பகிரலாம்) பற்றித் தமிழில் எழுதி வருகிறது, அதே பெயரில் அறக்கட்டளையும் இருக்கிறது. சென்னை, காஞ்சிபுரம், விழுப்புரத்தில் லினக்ஸ் என்ற கட்டற்ற இயங்குதளத்தைப் பயன்படுத்துவோரின் குழுக்கள் இருக்கின்றன. போய்க் கேட்டால் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்கும் மனிதர்கள் அங்கே உண்டு, எனக்கு இந்த வழி தெரிந்திருந்தால் இரண்டு வருடம் மிச்சமாகியிருக்கும்.

சரி, ஒன்றிரண்டு பிடித்துவிட்டது. வாங்கும் முன் உங்கள் சொந்த ரிஜிஸ்டரிலிருந்து ஐம்பது பேரைப் பதிந்து பாருங்கள். பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டம் கேட்டு, இரண்டாவதைக் காலியாக விட்டால் ஏற்காத சாப்ட்வேர்கள் உண்டு. நம் ஊரில் இனிஷியல்தான், ஒருவர் அதை முன்னால் போடுவார், இன்னொருவர் பின்னால் போடுவார், கடைசியில் ஒரே ஆள் மூன்று ஆளாகப் பதிவாகியிருப்பார். போன் எண்ணை வைத்து ஆளை அடையாளம் காணும் சாப்ட்வேரும் சிக்கல்தான், ஒரு வீட்டில் மாமியார், மருமகள், பிள்ளை மூவருக்கும் ஒரே எண் இருக்கும். பழைய பட்டியல் பாமினி, வானவில் போன்ற பழைய எழுத்துருவில் இருந்தால் முதலில் எல்லாக் கணினியிலும் ஒன்றுபோலப் படிக்கக்கூடிய யூனிகோடுக்கு மாற்ற வேண்டும், இல்லாவிட்டால் தேடவே முடியாது.

போட்ட தகவலைத் திரும்ப எடுத்தும் பாருங்கள். மொத்தத்தையும் சிஎஸ்வி கோப்பாக (எக்செலில் திறக்கக்கூடிய எளிய பட்டியல்) இறக்குங்கள். எக்செலில் திறந்ததும் தமிழ் குழம்பித் தெரிந்தால் பயப்படாதீர்கள், டேட்டா மெனு வழியாக யுடிஎஃப்-8 (யூனிகோடு எழுத்துமுறை) என்று தேர்ந்தெடுத்து இறக்குமதி செய்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். இறக்கவே வழி இல்லை, கம்பெனியிடம்தான் கேட்க வேண்டும் என்றால் அந்த சாப்ட்வேர் வேண்டாம். எங்களிடம் அப்படித்தான் ஒன்று மாட்டியது, நான்கு வருடத் தகவலைக் கையால் திரும்ப டைப் அடித்தோம். ஆதார் எண், நோய் விவரம் போன்றவற்றை நிஜமான தேவை இல்லாமல் சேர்க்கவே சேர்க்காதீர்கள். 2023இல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் ஒருபக்கம், நம்மை நம்பிச் சொன்னவர்கள் இன்னொரு பக்கம்.

பயிற்சிக்கு ஒரு நாள் முழுக்க எல்லாரையும் உட்காரவைப்பதில் எனக்கு நம்பிக்கை போய்விட்டது. இரண்டு களப்பணியாளர்களுக்கு மட்டும் நிதானமாகக் கற்றுக்கொடுங்கள், அவர்கள் கையாலேயே ஸ்கிரீன்ஷாட்டுகளோடு ஒரு பக்கக் குறிப்பைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். முதல் மாதம் நோட்டும் கூடவே ஓடட்டும். பயிற்சிக்கே வராத ஒருவரிடம் அந்தக் குறிப்பை மட்டும் கொடுங்கள். யாரையும் கேட்காமல் அவர் ஒரு பதிவைப் போட்டுவிட்டால் நோட்டை எடுத்து வைக்கலாம். நடுவில் நின்றுவிட்டால், எங்கே நின்றாரோ, குறிப்பில் அந்த வரியைத் திருத்திவிட்டு இன்னொருவரிடம் கொடுத்துப் பாருங்கள்.