முன்சில்லு இழுக்காத குவாட் பைக்: மின்பழுதைக் கண்டுபிடிக்கும் முறை

இலங்கையின் கிழக்குக் கரையில் பாசிக்குடாவிலிருந்து பொத்துவில் வரைக்கும் கடற்கரை மணலில் ஓடும் குவாட் பைக்குகளில் (ஹேண்டில் பிடித்து ஓட்டும் நாற்சில்லு வண்டிகளில்) அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்று உண்டு. நாற்சில்லு இழுவைக்கான சுவிச்சைப் போட்டால் டாஷ்போர்ட்டில் அடையாளம் எரிகிறது, ஆனால் பின்சில்லுகள் மணலைக் கிளறிப் புதையும்போது முன்சில்லுகள் அசையாமல் நிற்கின்றன. இந்த நிலையில் பலர் முதலில் முன்பக்கக் கியர்ப் பெட்டியைத்தான் கழற்றுகிறார்கள். உப்புக் காற்றும் வாவித் தண்ணீரும் படும் எங்கள் பகுதியில் அதைக் கடைசி வேலையாக வைத்துக்கொள்வதே நல்லது. பெட்டிக்குள் இருக்கும் உருளைகள் எண்ணெயில் ஊறிப் பாதுகாப்பாக இருக்கின்றன, வெளியே தொங்கும் வயருக்கும் சொக்கற்றுக்கும் அந்தப் பாதுகாப்பு இல்லை.

உங்களுடைய வண்டி எந்த வகையைச் சேர்ந்தது என்பதை முதலில் அறிந்துகொள்ள வேண்டும். போலாரிஸ் நிறுவனத்தின் பல வண்டிகளில் முன்பக்கக் கியர்ப் பெட்டிக்குள் ஒரு மின்காந்தக் கொயில் (கம்பிச் சுருள்) இருக்கிறது. சுவிச்சைப் போட்டதும் அந்தக் கொயில் ஒரு தட்டை இழுத்துப் பிடிக்கும். பின்சில்லுகள் முன்சில்லுகளைவிட வேகமாகச் சுழலும் தருணத்தில், இழுபட்ட தட்டு உருளைகளை நகர்த்தி இறுக்கி முன்சில்லுகளுக்கு விசையைக் கொடுக்கும். யமஹாவின் பல வண்டிகளில் கொயிலுக்குப் பதிலாக டிஃபரன்ஷியலின் (இரண்டு முன்சில்லுகளுக்கும் விசையைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியின்) பக்கத்தில் சிறிய மோட்டோர் ஒன்று பொருத்தப்பட்டிருக்கும். அது உள்ளே உள்ள கவட்டைத் தள்ளிப் பற்களைக் கோர்த்துவிடும். இரண்டு வகைக்கும் சோதனை வேறு என்பதால், கையேட்டிலுள்ள வயர் வரைபடத்தைப் பார்க்காமல் எந்த வயரையும் வெட்ட வேண்டாம்.

டாஷ்போர்ட்டில் எரியும் அடையாளத்தை அதிகம் நம்பக் கூடாது. கொயில் வகை வண்டிகளில் அது நீங்கள் சுவிச்சைப் போட்டதை வண்டி அறிந்துகொண்டது என்பதை மட்டுமே காட்டுகிறது. கொயிலுக்கு மின் போய்ச் சேர்ந்ததா என்பதைக் காட்டுவதில்லை. அதேபோல, சரியான வண்டியைப் பழுதென்று நினைப்பதும் நடக்கிறது. போலாரிஸின் பல மாதிரிகளில் இயந்திரம் நிமிடத்துக்கு 3100 சுற்றுக்கு மேல் ஓடிக்கொண்டிருக்கும்போது சுவிச்சைப் போட்டால், வேகம் அதற்குக் கீழ் இறங்கும் வரைக்கும் நாற்சில்லு இழுவை வேலை செய்யாது. புதைந்த பிறகு அக்சிலரேட்டரை அழுத்திப் பிடித்தபடி சுவிச்சைத் தட்டுபவருக்கு இது பழுதாகவே தெரியும்.

இனிப் பற்றரிக்கு வாருங்கள். இரவு முழுவதும் ஓய்வில் இருந்த 12 வோல்ற்றுப் பற்றரி 12.6 வோல்ற்றைக் காட்ட வேண்டும், 12.4க்குக் கீழே இருந்தால் சார்ஜ் செய்த பிறகே மற்றச் சோதனைகளைத் தொடங்க வேண்டும். பற்றரியின் இரண்டு முனைகளையும், சட்டகத்தில் எர்த் வயர் பூட்டியிருக்கும் இடத்தையும் கழற்றி, உப்புத்தாளால் பளிச்சென்று தேய்த்துத் திரும்பப் பூட்டுங்கள். பியூஸைக் கண்ணால் பார்த்தால் போதாது, மல்ரிமீற்றரால் பாருங்கள். எரிந்திருந்தால் அதே அம்பியர் பியூஸைத்தான் போட வேண்டும். பெரிய பியூஸைப் போட்டால் அடுத்ததாக எரிவது வயர்தான்.

அடுத்த சோதனையில்தான் பெரும்பாலான பழுதுகள் பிடிபடும், ஆகவே இதற்கு நேரம் ஒதுக்குங்கள். பலரும் செய்வது, கொயிலுக்குப் போகும் சொக்கற்றைக் கழற்றி அதில் மல்ரிமீற்றரை வைத்து, 12 வோல்ற்று வந்ததும் வயர் நல்லதென்று முடிவுகட்டுவது. அந்த முடிவு தவறாக இருக்கலாம். மீற்றர் ஏறக்குறைய மின்னோட்டமே எடுப்பதில்லை. ஏழு இழை அறுந்து ஒரு இழை மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும் வயரிலும் அது முழு வோல்ற்றளவைக் காட்டும். கொயில் அப்படியல்ல. போலாரிஸ் கொயிலின் தடை பொதுவாக 24 ஓம் அளவில் இருப்பதால், 12 வோல்ற்றில் அது அரை அம்பியரை எடுக்கும். வழியில் பச்சைக் களிம்பு பிடித்த ஒரு இணைப்பு 10 ஓம் தடையைச் சேர்த்துவிட்டால், மின்னோட்டம் 0.35 அம்பியருக்குக் குறையும். கொயிலுக்குக் கிடைப்பது 8.5 வோல்ற்று மட்டுமே. காந்தம் தட்டை இழுக்கப் பார்க்கும், ஆனால் இறுகப் பிடிக்காது. மீற்றரோ எல்லாம் சரியென்றே சொல்லிக்கொண்டிருக்கும்.

இதற்கு மலிவான வழி, பார்க் லைட்டுக்குப் போடும் 12 வோல்ற்று 5 வாற்று பல்ப் ஒன்றை எடுத்து இரண்டு வயர் பொருத்திக்கொள்வது. அது எடுக்கும் மின்னோட்டம் 0.4 அம்பியருக்குச் சற்று அதிகம், அதாவது கொயில் எடுக்கும் அளவுக்குக் கிட்டத்தட்டச் சமம். வண்டியை நான்கு சில்லும் நிலத்தில் படாதபடி உறுதியான தாங்கிகளில் ஏற்றி, கொயிலின் சொக்கற்றைக் கழற்றி, வண்டிப் பக்கத்துச் சொக்கற்றின் இரண்டு முனைகளிலும் பல்பைப் பொருத்துங்கள். சாவியையும் நாற்சில்லுச் சுவிச்சையும் போடுங்கள். சில மாதிரிகளில் இயந்திரம் ஓடும்போது மட்டுமே மின் வரும். அப்போது சில்லுக்கும் சங்கிலிக்கும் அருகில் கையையோ சாரத்தையோ கொண்டுபோகாதீர்கள். பல்ப் பளிச்சென்று எரிந்து, அதன் இரு முனைகளுக்கு இடையிலான வோல்ற்றளவு பற்றரியினுடையதைவிட அரை வோல்ற்றுக்கு மேல் குறையாமல் இருந்தால் வயர் வழி சரி. மங்கலாக எரிந்தால் வழியில் எங்கோ தடை இருக்கிறது. எரியவே இல்லையென்றால் வயர் அறுந்திருக்கலாம், சுவிச் அல்லது ரிலே (மின்னால் இயங்கும் சுவிச்) பழுதாகியிருக்கலாம், கட்டுப்பாட்டுப் பெட்டி இணைப்பைக் கொடுக்காமலும் இருக்கலாம்.

மங்கலான பல்ப் எந்தப் பக்கத்துப் பழுது என்பதைப் பல்பைக் கழற்றாமலே அறியலாம். மீற்றரின் கறுப்பு முனையைப் பற்றரியின் எதிர்முனையில் வைத்து, சிவப்பு முனையைப் பல்பின் எர்த் பக்கத்தில் வையுங்கள். 0.2 வோல்ற்றுக்குள் காட்டினால் எர்த் பக்கம் நல்லது. ஒன்று, இரண்டு வோல்ற்று என்று காட்டினால் அந்தப் பக்கத்தில்தான் தேட வேண்டும். அதேபோல, பற்றரியின் நேர்முனைக்கும் பல்பின் நேர்ப்பக்கத்துக்கும் இடையில் அளந்து பாருங்கள். பல மாதிரிகளில் எர்த் பக்கத்தையே கட்டுப்பாட்டுப் பெட்டி திறந்து மூடுகிறது என்பதால், எர்த் பழுதைச் சுவிச் பழுதென்று எண்ணிப் புதுச் சுவிச் வாங்குபவர்கள் இருக்கிறார்கள்.

பல்ப் எரிந்துகொண்டிருக்கும்போதே ஹேண்டிலை இடமும் வலமும் முழுவதுமாகத் திருப்பிப் பாருங்கள். ஹேண்டிலோடு வளையும் இடத்தில் வயர் உள்ளே அறுந்திருந்தால் பல்ப் கண்சிமிட்டும். அடுத்து, கியர்ப் பெட்டியிலிருந்து வெளியே வரும் குட்டை வயரை விரலால் மெதுவாக அசையுங்கள். வயலுக்குள் ஓடும் வண்டிகளில் வைக்கோலும் கொடியும் அந்த வயரில் சுற்றி இழுத்துவிடுகின்றன. அறுகம்பை, பாசிக்குடா வண்டிகளின் கதை வேறு. கிழக்குக் கரையில் சுற்றுலாக் காலம் ஏறத்தாழ மே முதல் செப்டெம்பர் வரை; அதன் பிறகு வடகீழ்ப் பருவமழையில் மாதக்கணக்கில் மூடி நிறுத்திவைத்த வண்டியில் சொக்கற்றுக்குள் களிம்பு பிடிக்கும், இருக்கைக்குக் கீழே எலி வயரைக் கடித்திருக்கும். பருவம் தொடங்கும்போது வரும் பழுதுக்கு இந்த இரண்டையும் முதலில் பாருங்கள்.

வயர் வழி சரியென்றால் கொயிலை அளக்கலாம். சாவியை மூடி, கொயில் பக்கத்துச் சொக்கற்றின் இரண்டு முனைகளுக்கும் இடையில் தடையை அளந்து, உங்கள் மாதிரியின் கையேட்டிலுள்ள எண்ணோடு ஒப்பிடுங்கள். எல்லையற்ற தடை காட்டினால் சுருள் அறுந்துவிட்டது. மிகக் குறைவாகக் காட்டினால் உள்ளே சுற்றுகள் ஒன்றோடொன்று தொட்டுவிட்டன. ஒரு முனைக்கும் பெட்டியின் உலோகத்துக்கும் இடையில் எந்தத் தொடர்பும் இருக்கக் கூடாது. குளிர்ந்த நிலையில் சரியாக அளந்து, சூடேறிய பிறகு அறுந்துபோகும் கொயில்களும் உண்டு, ஆகவே அரை மணி நேரம் ஓட்டிவிட்டு இன்னொரு தடவை அளப்பது வீணல்ல.

மோட்டோர் வகை வண்டியில் காதும் ஒரு கருவிதான். சுவிச்சைப் போடும்போது ‘கிர்’ என்ற சத்தம் கேட்டும் இழுவை வரவில்லையென்றால், வண்டியைச் சில அடி முன்னும் பின்னும் உருட்டி ஹேண்டிலை ஆட்டிப் பாருங்கள். பற்கள் நேருக்கு நேர் நின்றால் கோர்க்காது. சத்தமே இல்லையென்றால் மோட்டோருக்கு மின் வருகிறதா என்று பல்பால் சோதித்து, வந்தால் மோட்டோரைக் கழற்றி எடுங்கள். அதை 12 வோல்ற்றுப் பற்றரியில் நேரடியாகப் பூட்ட வேண்டாம். எல்லையில் போய் மோதிப் பற்கள் உடையக்கூடும். ரோர்ச்சுக்குப் போடும் இரண்டு பெரிய பற்றரிகளைத் தொடராக இணைத்துக் கொடுத்தால் மெதுவாகச் சுழலும், வயரை மாற்றிக் கொடுத்தால் மறுபக்கம் சுழலும்.

பழுதான வயரைத் திருத்தும்போது செம்பு கறுத்திருந்தால், உப்பு உறைக்குள்ளே ஏறிவிட்டது என்று பொருள். பளிச்சென்ற செம்பு வரும் வரைக்கும் வெட்டிக்கொண்டு போக வேண்டும். வெகுதூரம் கறுத்திருந்தால், மீன்பிடி வள்ளங்களுக்குப் பயன்படும் வெள்ளீயம் பூசிய செம்பு வயரை வாங்கி முழுத் துண்டையும் மாற்றிவிடுங்கள். முறுக்கி ரேப் சுற்றிய இணைப்பு இந்தக் கடற்கரையில் ஒரு மழைக்காலத்தைத் தாண்டாது. ஈயம் ஒட்டி, உள்ளே பசையுள்ள சுருங்கும் குழாயைப் போட்டுச் சூடாக்குங்கள். சொக்கற் முனைகளைக் கொன்ராக்ட் கிளீனரால் துடைத்து, சிலிக்கன் கிரீஸ் கொஞ்சம் பூசி மூடுங்கள். கடலோரம் ஓடிய வண்டியை அன்றைக்கே நல்ல தண்ணீரால் கழுவுங்கள், உவர்க் கிணற்றுத் தண்ணீர் வேண்டாம்; பிரஷர் பைப்பைச் சொக்கற்றுக்கு நேரே பிடிக்கவும் வேண்டாம்.

கொயில் அரை அம்பியர் எடுக்கிறது, தடையும் சரி, ஆனாலும் முன்சில்லு இழுக்கவில்லை என்றால் பழுது மின்சாரத்தில் இல்லை. முன்பெட்டியின் எண்ணெய் கையேடு சொல்லும் வகையா என்று பாருங்கள்; சாதாரணத் தடித்த கியர் ஓயில் ஊற்றப்பட்டிருந்தால் இழுவை பிந்தலாம் அல்லது வராமலே போகலாம். பின்பக்கத்துக்கு அளவு மாறிய பெரிய ரயர் போடப்பட்டிருந்தாலும் இழுவை தாமதமாகும். இரண்டும் சரியென்றால், தட்டும் உருளைக் கூடும் தேய்ந்திருக்கிறதா என்று பார்க்கப் பெட்டியைக் கழற்றுங்கள்.