ஸ்பானிய வெற்றியைப் பற்றி எழுதுவோர் எங்கே சறுக்குகிறார்கள்?

அமெரிக்கக் கண்டத்தை ஸ்பெயின் பிடித்த கதையைக் கட்டுரையாகவோ பாடமாகவோ எழுதுபவர்கள் பெரும்பாலும் முதல் பத்தியிலேயே சறுக்குகிறார்கள். "தங்கத்துக்காக வந்தார்கள், மதம் வெறும் முகமூடி" என்பதுதான் அந்த வரி. தங்கத்துக்காக வந்தது உண்மை. முகமூடி என்ற சொல்தான் பிழை. முகமூடியைக் கழற்றிவிட்டும் கொள்ளையடிக்கலாம். ஆனால் இங்கே மதத்தைக் கழற்றிவிட்டால், பிடித்த ஆளை அடிமை என்று சட்டப்படி விற்க முடியாது.

இதைப் புரிந்துகொள்ள ஒரே ஒரு ஆவணத்தை முழுமையாகப் படித்தால் போதும். 1513 வாக்கில் அரசவைச் சட்ட அறிஞர் பலாசியோஸ் ரூபியோஸ் வரைந்ததாகக் கருதப்படும் 'ரெகெரிமியெந்தோ' அது. தமிழில் 'கோரிக்கை அறிவிப்பு' எனலாம். நியாயமான போரில் பிடிபட்டவரை அடிமையாக்கலாம் என்பது அன்றைய ஐரோப்பியச் சட்ட மரபு. தன் வீட்டில் சும்மா இருப்பவன் மேல் தொடுக்கும் போர் எப்படி நியாயமாகும்? அவன் எதையாவது மறுத்திருக்க வேண்டும். அந்த மறுப்பைப் பெறுவதற்கென்றே தயாரான தாள் இது.

தாளின் அடுக்கைக் கவனியுங்கள். கடவுள் உலகைப் படைத்தார். பேதுருவை மனித குலம் முழுமைக்கும் தலைவராக்கினார். அவர் வழிவந்த பாப்பரசர் ஒருவர் இந்தத் தீவுகளையும் நிலங்களையும் ஸ்பெயினின் காஸ்டில் அரசர்களுக்குக் கொடுத்தார். ஆகவே திருச்சபையின் தலைமையையும் அரசரின் ஆட்சியையும் ஏற்றுக்கொள்ளுங்கள், போதகர்களைப் பேச விடுங்கள் என்கிறது. ஏற்காவிட்டால் படையெடுப்போம், உங்களையும் மனைவி மக்களையும் அடிமைகளாக்கி விற்போம், அதனால் வரும் சாவுக்கும் சேதத்துக்கும் பொறுப்பு நீங்களே, அரசரோ நாங்களோ அல்ல என்கிறது. கடைசி வரி ஒரு வேண்டுகோள்: இதைப் படித்தோம் என்று நோட்டரி எழுதிக் கையெழுத்திட வேண்டும், உடனிருப்போர் சாட்சியாக வேண்டும்.

பலர் இதை "மதம் மாறு, இல்லையேல் சாவு" என்று சுருக்குகிறார்கள். தாளில் அப்படி இல்லை. கிறிஸ்தவராகும்படி கட்டாயப்படுத்த மாட்டோம் என்றே அதில் எழுதியிருக்கிறது. கேட்டது கீழ்ப்படிதலை. இந்த நுணுக்கத்தைத் தவறவிட்டால் ஆவணத்தின் சாமர்த்தியமே கண்ணில் படாது. கட்டாய மதமாற்றம் கூடாது என்பது திருச்சபைச் சட்டம். அதை மீறாமலேயே போர் தொடுக்க வழி கண்டுபிடித்திருக்கிறார்கள்.

அடுத்த தவறு, இதைக் கேலிக்கூத்தாக மட்டும் பார்ப்பது. 1514-ல் ஸ்பானிய ஆளுநர் பெத்ராரியாஸின் படையோடு, இன்றைய பனாமாவை ஒட்டிய தாரியேன் பகுதிக்குப் போன வரலாற்றுப் பதிவாளர் ஒவியெதோ, ஆளில்லாத ஊரில் இது வாசிக்கப்பட்டதைப் பதிவு செய்திருக்கிறார். ஸ்பானிய மொழி தெரியாதவர்களுக்கு, மொழிபெயர்ப்பாளர் இல்லாமலும் வாசித்திருக்கிறார்கள். சிரிப்பதா அழுவதா தெரியவில்லை என்று, பூர்வகுடிகளுக்காக வாதாடிய துறவி லாஸ் காசாஸ் எழுதினார். சிரிக்கலாம்தான். ஆனால் 'யாருக்குமே புரியாததால் பயனற்ற சடங்கு' என்று முடிவு கட்டிவிடாதீர்கள். அந்த வாசிப்பு எதிரே இருந்தவர்களுக்கானதே அல்ல, பக்கத்தில் நின்ற நோட்டரிக்கானது. அவர் கையெழுத்திட்டதும் சூறையாடல் போராகவும், கடத்தப்பட்டவர் போர்க்கைதியாகவும் மாறினார்கள்.

"அந்தக் காலத்தில் எல்லோருமே அப்படித்தான் நினைத்தார்கள்" என்ற சமாதானமும் நிற்காது. ரெகெரிமியெந்தோவுக்கு முன்பே, 1511 டிசம்பரில், கரீபியனில் உள்ள சாந்தோ தொமிங்கோவில் டொமினிக்கன் துறவி மொந்தேசினோஸ் பிரசங்க மேடையிலிருந்து குடியேறிகளைப் பார்த்து, இந்தப் பூர்வகுடிகள் மனிதர்கள் இல்லையா என்று கேட்டார். 1539-ல் ஸ்பெயினின் சலமன்கா பல்கலைக்கழகத்தில் இறையியல் அறிஞர் விட்டோரியா, பாப்பரசர் உலகத்துக்கே உலகியல் அதிபதி அல்ல என்று பாடம் நடத்தினார். ஆனால் விட்டோரியாவை நேராக நல்லவர் வரிசையில் நிறுத்திவிடாதீர்கள். பயணம் செய்யவும் வணிகம் நடத்தவும் உள்ள உரிமையைத் தடுத்தால் போர் தொடுக்கலாம் என்ற வாசலை அவரே திறந்தும் வைத்தார். லாஸ் காசாஸும் அப்படியே. 1514 வரை அவரும் எங்கோமியெந்தா வைத்திருந்தவர். பிறகு பூர்வகுடிகளைக் காக்க ஆப்பிரிக்க அடிமைகளை இறக்கலாம் என்று யோசனை சொல்லி, பின்னாளில் வருந்தியவர். (எங்கோமியெந்தாவை 'நிலமானியம்' என்று எழுதுவதும் தவறு. கொடுக்கப்பட்டது நிலம் அல்ல, ஆட்களின் உழைப்பும் திறையும். கைம்மாறாக அவர்களுக்கு மறைக்கல்வி தருவதாகப் பேச்சு.)

1550–51-ல் ஸ்பெயினின் வல்லாடோலிட் நகரில் நடந்தது "பூர்வகுடிகளுக்கு ஆன்மா உண்டா" என்ற விவாதம் அல்ல. அவர்கள் மனிதர்கள், அவர்களை அடிமையாக்கக் கூடாது என்று 1537-லேயே பாப்பரசர் மூன்றாம் பவுல் அறிவித்துவிட்டார். வல்லாடோலிடின் கேள்வி வேறு: நற்செய்தி சொல்வதற்கு முன் போரால் அவர்களை அடக்கலாமா? போரை ஆதரித்த அறிஞர் செபுல்வேதாவும் எதிர்த்த லாஸ் காசாஸும் நேருக்கு நேர் மோதவும் இல்லை. நடுவர்கள் முன் தனித்தனியே பேசினார்கள். நரபலி, சிலை வழிபாடு, அரிஸ்டாட்டில் சொன்ன 'இயற்கை அடிமை', அப்பாவிகளைக் காப்பது ஆகியவை செபுல்வேதாவின் வாதங்கள். கடைசியதைக் குறித்து வைத்துக்கொள்ளுங்கள், பிற்காலத்தில் அதிகம் விலைபோனது அதுதான். இதில் யார் வென்றார் என்று எழுதாதீர்கள், தெளிவான தீர்ப்பு எதுவும் வரவில்லை.

பாப்பரசர் தொர்தெசிய்யாஸில் உலகைப் பிரித்துக் கொடுத்தார் என்பதும் அடிக்கடி கண்ணில் படும் பிழை. பாப்பரசர் ஆறாம் அலெக்சாண்டரின் ஆணைமடல் 1493-ஐச் சேர்ந்தது. தொர்தெசிய்யாஸ் 1494-ல் போர்ச்சுகலும் ஸ்பெயினும் தங்களுக்குள் செய்த ஒப்பந்தம். உலகைப் பிரிக்கும் எல்லைக்கோட்டை நகர்த்தியது அவர்கள்தான்.

பெருவில் ஸ்பானியர்கள் இன்கா பேரரசர் அத்தாவால்பாவைச் சிறைபிடித்த கஹாமார்க்கா சம்பவத்தில் (1532 நவம்பர் 16) 'அத்தாவால்பா பைபிளை எறிந்தார்' என்பதைச் சாட்சியம்போல எழுதுகிறார்கள். அது பைபிளா ஜெபப் புத்தகமா என்பதிலேயே ஸ்பானியப் பதிவுகள் ஒத்துப்போவதில்லை. அத்தாவால்பாவின் மாற்றாந்தாய்த் தம்பியின் மகன் தித்து குசி 1570-ல் சொல்லி எழுதவைத்த பதிவில், இன்கா பொற்கிண்ணத்தில் கொடுத்த பானத்தை முதலில் கீழே கொட்டியவர் ஒரு ஸ்பானியர். அவமதிப்பை யார் தொடங்கியது என்பதே போரின் நியாயத்தைத் தீர்மானிக்கிறது; அதனால் இரண்டு பதிவுகளையும் பக்கத்தில் வையுங்கள்.

இதெல்லாம் கத்தோலிக்க ஸ்பெயினின் தனி நோய் என்று நிறுத்திவிடுவதும் சரியல்ல. புராட்டஸ்டன்ட் ஆங்கிலேயரின் மாசசூசெட்ஸ் குடியேற்ற முத்திரையில் (1629) ஒரு பூர்வகுடி மனிதர் "வந்து எங்களுக்கு உதவுங்கள்" என்கிறார், அது அப்போஸ்தலர் பணியிலிருந்து எடுத்த வரி. 1885 ஜூலையில் பிரெஞ்சு நாடாளுமன்றத்தில் முன்னாள் பிரதமர் ழூல் ஃபெர்ரி பேசியபோது வேதத்தின் இடத்தை நாகரிகம் பிடித்துக்கொண்டது: 'உயர்ந்த' இனங்களுக்குத் 'தாழ்ந்த' இனங்களை நாகரிகப்படுத்தும் கடமை உண்டாம்.

கடைசியாக, ஆவணங்களைத் தேடுபவர்களுக்கு ஒரு குறிப்பு. 1573-ல் ஸ்பானிய அரசர் இரண்டாம் பிலிப் வெளியிட்ட சட்டங்கள், இனி 'வெற்றிகொள்ளல்' என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது, 'அமைதிப்படுத்தல்' என்றே எழுத வேண்டும் என்றன. அதற்குப் பிந்தைய ஏடுகளில் பழைய சொல்லை மட்டும் தேடினால், பாதிப் போர்கள் உங்கள் பட்டியலுக்கு வராது.