எண்ணெய்க் கிணற்றில் கோர் எடுத்தல்: பாறை சேதமில்லாமல் மேலே வர என்ன செய்ய வேண்டும்?

கிணற்றின் ஆழத்திலிருந்து உருளையாக வெட்டியெடுக்கும் பாறை மாதிரிதான் கோர். அது மேலே வந்ததும் ரிக்கில் (துளையிடும் தளத்தில்) எல்லோரும் கேட்பது ரெக்கவரி, அதாவது வெட்டியதில் கிடைத்த பங்கு, எவ்வளவு என்றுதான். 18 மீட்டர் வெட்டி 17.1 மீட்டர் கிடைத்தால் 95 சதவீதம். ஆனால் அது நொறுங்கியோ டிரில்லிங் மட் (துளையிடும்போது கிணற்றுக்குள் ஓட்டும் சேறு போன்ற திரவம்) ஊறியோ வந்திருந்தால், ஆய்வகம் தரும் நுண்துளை அளவையும் ஊடுருவுதிறனையும் நம்ப முடியாது. புதிதாகக் கற்பவர்கள் சதவீதத்தைவிடக் கோரின் நிலையைக் கவனிக்கப் பழகுங்கள்.

படி 1: கருவியைப் பாறைக்கேற்பத் தேர்ந்தெடுங்கள். கோர் பேரல் என்பது ஒன்றுக்குள் ஒன்றாக இரண்டு குழாய்கள். வெளிக்குழாய், பாறையை வெட்டும் முனையான பிட்டோடு சுழலும். பேரிங்கில் தொங்கும் உட்குழாய் சுழலாமல் கோரை வாங்கிக்கொள்ளும். இளகிய மணற்பாறை என்றால் உள்ளே அலுமினியம் அல்லது ஃபைபர்கிளாஸ் லைனரும் (உட்குழாய்க்குள் கோரைத் தாங்கும் உறை), கோர் கீழே நழுவாதபடி வாயை முழுதாக மூடும் கோர் கேட்சரும் வேண்டும். மட் கோருக்குள் புகுவதைக் குறைக்கும் பிட்டுகளும் உண்டு. கிடைத்தால் அதையே கேளுங்கள்.

படி 2: கிணற்றின் அடியைச் சுத்தம் செய்யுங்கள். முதலில் மட் திரவத்தை உட்குழாய் வழியே ஓட்டிக் கழுவி, பிறகு எஃகு குண்டைப் போட வேண்டும். அது இருக்கையில் அமர்ந்ததும் மட் இரண்டு குழாய்களுக்கும் நடுவே திரும்பும், பம்ப் அழுத்தம் ஏறும். அதைப் பார்த்த பிறகே வெட்டத் தொடங்குங்கள்.

படி 3: பிட்டின் மீது குறைந்த எடையில் தொடங்கி, மெதுவாகக் கூட்டுங்கள். துளையும் வேகம் திடீரென விழுந்து, டார்க்கும் (சுழற்றும் விசை) குறைந்தால் கோர் உள்ளே சிக்கியிருக்கலாம். எடையைக் கூட்டித் தள்ளிப் பார்க்கும் ஆசை வரும். அப்படிச் செய்தால் புதிதாக வரும் பாறை அரைபட்டுத் தூளாகும். சிக்கியது உறுதியானால் நிறுத்திவிட்டு மேலே இழுப்பதே சரி. ஒரு டிரிப் (குழாய்களை இறக்கி ஏற்றும் ஒரு சுற்று) வீணாவது வருத்தம்தான், ஆனால் தூளான பாறையை யாராலும் திருப்பித் தர முடியாது.

படி 4: நிதானமாக மேலே ஏற்றுங்கள். பலர் அவசரப்படும் இடம் இதுதான். ஆழத்தில் எண்ணெயில் கரைந்திருந்த வாயு, அழுத்தம் குறையக் குறையப் பிரிந்து விரிகிறது. கடைசிச் சில நூறு மீட்டரில் இந்த விரிவு மிக வேகமாக நடக்கும். வாயு வெளியேற அவகாசம் இல்லாவிட்டால் சோடாவைக் குலுக்கித் திறந்தது போல் உள்ளிருந்தே பாறையைப் பிளந்துவிடும். கிணற்றில் ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயு இருக்க வாய்ப்புண்டு என்றால், பேரலைத் திறக்குமுன் வாயு அளவைச் சோதிப்பது கட்டாயம்.

படி 5: தளத்தில் சுத்தியல் வேண்டாம். லைனரை வளையாதபடி தாங்கி, படுக்க வைத்து, சுமார் 1 மீட்டர் துண்டுகளாக அறுங்கள். அறுக்குமுன் நெடுக இரண்டு கோடுகள் போடுங்கள்: மேல்முனை மேலே இருக்கும்படி பார்க்கும்போது சிவப்பு வலப்பக்கம், கறுப்பு இடப்பக்கம். ஆழத்தையும் அப்போதே எழுதி, இரு முனைகளிலும் மூடி போடுங்கள். லைனர் இல்லாமல் வெளியே எடுத்த கோரைத் தண்ணீரில் கழுவக் கூடாது. உலர்ந்த துணியால் துடைத்து, பிளாஸ்டிக் படலமும் அலுமினியத் தாளும் சுற்றி, மெழுகில் தோய்த்து வையுங்கள்.

அனுப்பிய பின்னும் ஒரு வேலை உண்டு. டிரில்லர் சொல்லும் ஆழமும் லாக் (கிணற்றுக்குள் கருவி இறக்கி எடுக்கும் பதிவு) காட்டும் ஆழமும் பொதுவாகச் சற்று விலகியே இருக்கும். ஆய்வகத்தில் கோர் மீது காமா அளவீடு (பாறையிலிருந்து இயல்பாக வரும் காமா கதிரின் அளவு) எடுக்கச் சொல்லி, கிணற்றின் காமா லாக்கோடு பொருத்தி, ஆழத்தைத் திருத்திக்கொள்ளுங்கள்.