ஜீப் ராங்லரை நான்கு சக்கரமும் தரையில் உருள இழுக்கும்போது

மோட்டார் ஹோமின் (தங்கும் வசதியுள்ள பெரிய வண்டி) பின்னால் ராங்லரை இழுக்கும் முன், டிரான்ஸ்ஃபர் கேஸ் (கியர்பாக்ஸிலிருந்து வரும் சக்தியை முன், பின் சக்கரங்களுக்குப் பிரிக்கும் பெட்டி) நியூட்ரலில் இருக்கிறதா என்று உறுதிசெய்யுங்கள். அதன் லிவர் நகர்ந்தால் மட்டும் போதாது. இன்ஜினை ஓடவிட்டு ரிவர்ஸ் கியர் போட்டு, பிரேக்கை 5 விநாடி விடுங்கள். பிறகு டிரைவிலும் அப்படியே. வண்டி அசையக்கூடாது. அசைந்தால் நியூட்ரல் விழவில்லை. அப்படியே இழுத்தால் சக்கரங்கள் கியர்பாக்ஸைச் சுழற்றும். இன்ஜின் ஓடாததால் ஆட்டோமேட்டிக்கின் ஆயில் பம்பும் ஓடாது, உள்ளே எல்லாம் கருகும்.

அசையாவிட்டால் இன்ஜினை அணைத்து ஆட்டோமேட்டிக்கை பார்க்கிலும், மேனுவலைக் கியரிலும் வையுங்கள். ஸ்டீயரிங் பூட்டு திறந்திருக்கட்டும், மோட்டார் ஹோமுடன் மாட்டிய பிறகே ஹேண்ட் பிரேக்கை விடுவியுங்கள். பாதுகாப்புச் சங்கிலிகளைக் குறுக்காக மாட்டுங்கள். இழுக்கப்படும் வண்டிக்குத் தனி பிரேக் அமைப்பு கட்டாயம் வேண்டும்.

ராங்லர் மாட்டியிருக்கும்போது ரிவர்ஸ் எடுக்கவே வேண்டாம்: அதன் முன்சக்கரங்கள் திரும்பி டோ பார் (இரு வண்டிகளையும் இணைக்கும் கம்பி) வளையும். ராங்லரைக் கழற்றிவிட்டு எடுங்கள்.