மீன்தொட்டித் தண்ணீர் கலங்கினால்: கொட்டுவதற்கு முன் ஒரு டம்ளரில் எடுத்துப் பாருங்கள்

தொட்டித் தண்ணீர் பால் போல வெளுத்ததும் பெரும்பாலான வீடுகளில் நடப்பது ஒன்றுதான். மீன்களைப் பிடித்து வாளியில் விட்டு, தண்ணீரை முழுக்கக் கொட்டி, கல், பொம்மை, ஃபில்டர் ஸ்பாஞ்ச் எல்லாவற்றையும் குழாயடியில் தேய்த்துக் கழுவி, வெயிலில் காயவைத்து, புதுத் தண்ணீர் நிரப்புவார்கள். அன்று மாலை தொட்டி பளிச்சென்று இருக்கும். மூன்றாம் நாளோ நான்காம் நாளோ மறுபடி வெளுக்கும். இம்முறை மீனும் சாகும். கலங்கல் மீனைக் கொல்வதைவிட, கலங்கலுக்குப் பயந்து நாம் செய்யும் இந்தக் கழுவல்தான் அதிக மீன்களைக் கொல்கிறது.

கீழே சொல்லும் அளவுகள் எல்லாம் சென்னை வீடுகளில் அதிகம் காணும் 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரத் தொட்டிக்கு. கணக்குப்படி அதில் 56 லிட்டர் பிடிக்கும். கல்லும் மேல் இடைவெளியும் போக உண்மையில் நிற்பது 45 லிட்டர் அளவு. உங்கள் தொட்டி வேறு அளவென்றால் நீளம், அகலம், தண்ணீர் நிற்கும் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் அளந்து பெருக்கி 1000-ஆல் வகுத்தால் லிட்டர் கிடைக்கும்.

டம்ளர் சோதனை

தொட்டியின் நடுப்பகுதியிலிருந்து ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீர் எடுத்து, வெள்ளைத் தாள் மேல் வைத்துப் பாருங்கள். பிறகு அசைக்காமல் இரண்டு மூன்று மணி நேரம் விடுங்கள்.

அடியிலிருந்து மேல்நோக்கிச் சில நிமிடங்களில் தெளிந்தால் அது வெறும் காற்றுக் குமிழி. குழாயில் அழுத்தத்தோடு வந்த தண்ணீரில் இது சகஜம். எதுவும் செய்ய வேண்டாம். அடியில் பொடி படிந்து மேலே தெளிந்தால் மணல், கல் தூசி. எவ்வளவு நேரம் வைத்தாலும் நீர்த்த மோர் போலவே நின்றால் பாக்டீரியா. இளம்பச்சையாகத் தெரிந்தால் மிதக்கும் பாசி. டீத்தண்ணீர் நிறத்தில், ஆனால் கலங்கலே இல்லாமல் தெளிவாக இருந்தால் மரக்கட்டை அல்லது பாதாம் இலையின் சாயம்.

கூடவே ஒன்றை முகர்ந்து பாருங்கள். நல்ல தொட்டித் தண்ணீர் மழை பெய்த மண் போல மணக்கும். அழுகல் வாடை வந்தால் உள்ளே எங்கோ ஒன்று கெட்டுக் கிடக்கிறது என்று பொருள்.

பால் போன்ற கலங்கல்

புதுத் தொட்டியில் முதல் வாரத்திலும் இரண்டாம் வாரத்திலும் வருவது பெரும்பாலும் இதுதான். தொட்டியில் இரண்டு வகை பாக்டீரியாக்களுக்கு வேலை இருக்கிறது. ஒரு வகை மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றுவது. இது ஸ்பாஞ்சிலும் கல்லிலும் ஒட்டிக்கொண்டு மெதுவாகப் பெருகும். எல்லாவற்றையும் தேய்த்துக் கழுவிக் காயவைக்கும்போது அழிவது இந்தக் கூட்டம்தான். புதுத் தொட்டியில் நிலைகொள்ள 4 முதல் 6 வாரம் ஆகும். இன்னொரு வகை மிச்ச உணவையும் அழுகிய இலையையும் தின்று, சில மணி நேரங்களிலேயே பல மடங்கு பெருகி, தண்ணீரிலேயே மிதப்பது. வெளுப்பாகத் தெரிவது இந்த இரண்டாவது கூட்டம். இதன் உருவம் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு அளவுதான் என்பதால் ஸ்பாஞ்சில் சிக்காது. பஞ்சை மாற்றி மாற்றி வைத்தும் தெளியவில்லையே என்று குழம்புவது இதனால்தான்.

இந்தப் பாக்டீரியா மீனை நேரடியாகத் தாக்குவதில்லை. ஆனால் ஆக்சிஜனைக் குடித்துவிடும். 20 டிகிரியில் ஒரு லிட்டர் தண்ணீரில் சுமார் 9 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 30 டிகிரியில் ஏழரைதான். சித்திரை, வைகாசி வெயிலில் நம் தொட்டிகள் தாமாகவே 30 டிகிரியைத் தாண்டும். அதனால் கோடையில் வரும் வெளுப்பை மட்டும் அலட்சியமாக விடக் கூடாது.

ஆகவே முதல் வேலை காற்று. ஏர் பம்பை இரவும் பகலும் ஓட விடுங்கள். டாப் ஃபில்டர் இருந்தால் தண்ணீர் மட்டத்தை இரண்டு அங்குலம் குறையுங்கள். தண்ணீர் உயரத்திலிருந்து விழுந்து மேற்பரப்பைக் கலக்கும்போது காற்று நன்றாகக் கரையும். தொட்டி மூடியைக் கொஞ்சம் திறந்து வைப்பதும் உதவும்.

அடுத்து உணவை நிறுத்துங்கள். வளர்ந்த மீன்கள் இரண்டு மூன்று நாள் சாப்பிடாமல் இருந்தால் ஒன்றும் ஆகாது. குஞ்சுகளுக்கு மட்டும் மிகக் குறைவாகப் போடலாம். மீன் கண்ணாடி அருகே வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைப் பசி என்று நினைத்து வீட்டில் ஆளுக்கொரு முறை போடுவதே பல தொட்டிகளின் நோய். கலங்கல் தெளிந்த பிறகும், இரண்டு நிமிடத்தில் தின்று தீர்க்கும் அளவு, ஒரு நாளுக்கு ஒரு வேளை போதும். வீட்டில் ஒருவர் மட்டும் போடுவது என்று முடிவு செய்துவிடுங்கள்.

பிறகு மூலத்தைத் தேடுங்கள். எல்லா மீனையும் எண்ணுங்கள். ஒன்று குறைந்தால் ஃபில்டர் பின்னால், குகைப் பொம்மைக்குள், செடி அடியில் பாருங்கள். ஒரே ஒரு செத்த மோலியோ பெரிய நத்தையோ 45 லிட்டரையும் வெளுக்க வைக்கப் போதும். அழுகிய இலைகளை எடுத்துவிடுங்கள். கல்லின் இடுக்கில் கிடக்கும் உணவை டியூப் வைத்து உறிஞ்சி எடுக்க வேண்டும். ஏர் பம்ப் டியூப் இதற்கு மிகச் சன்னம். அரை அங்குல டியூப் ஒரு மீட்டரோ ஒன்றரை மீட்டரோ வாங்கிக்கொள்ளுங்கள். வாளியைத் தொட்டிக்குக் கீழே வைத்து, டியூபைத் தண்ணீரால் நிரப்பி, இரு முனையையும் விரலால் அடைத்து ஒரு முனையைத் தொட்டிக்குள்ளும் மறு முனையை வாளிக்குள்ளும் விட்டுத் திறந்தால் தானாக ஓடும். கை விடும் முன் ஹீட்டர், ஃபில்டர் பிளக்கைக் கழற்றிவிடுங்கள். இந்த வாளியில் சோப்புத் தண்ணீர் ஒரு நாளும் படக் கூடாது, தனியாக வைத்துக்கொள்ளுங்கள்.

தண்ணீர் மாற்றுவதா வேண்டாமா என்பதில்தான் பலருக்கும் குழப்பம். தினமும் நிறைய மாற்றினால் வெளுப்பு நீளும் என்பது உண்மை. ஆனால் அம்மோனியா ஏறியிருந்தால் மீன் போய்விடும். வெளுப்பு ஒரு வாரம் கூடுதலாக இருந்தால் யாரும் சாக மாட்டார்கள். எனவே அம்மோனியா டெஸ்ட் கிட் வாங்கி அளப்பதுதான் நேர்வழி. லிட்டருக்கு 0.25 மில்லிகிராம் வரை இருந்தால் மறுநாள் மறுபடி அளந்து பாருங்கள். 0.5 அல்லது அதற்கு மேல் என்றால் அன்றே கால் பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 12 முதல் 15 லிட்டர் மாற்றுங்கள், குறையும்வரை தினமும். கிட் இல்லையென்றால் ஒரு நாள் விட்டு ஒரு நாள் 10 லிட்டர்.

போர் தண்ணீர் ஊற்றுபவர்கள் இதில் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். அம்மோனியாவின் விஷத்தன்மை பிஎச் (தண்ணீரின் அமில, காரத் தன்மையைக் காட்டும் எண்) அளவைப் பொறுத்தது. போர் தண்ணீரில் அது பெரும்பாலும் அதிகமாக இருக்கும். 28 டிகிரி தண்ணீரில் பிஎச் 7 என்றால் மொத்த அம்மோனியாவில் ஒரு சதவீதத்துக்கும் குறைவாகவே விஷ வடிவில் இருக்கும். பிஎச் 8 ஆனால் அது 6, 7 சதவீதம். கிட் காட்டும் எண் ஒன்றுதான், ஆனால் மீன் படும் பாடு பத்து மடங்கு.

வேகமாகத் தெளிய வைக்க உண்மையிலேயே பலன் தரும் வழி ஒன்று உண்டு. நன்றாக ஓடிக்கொண்டிருக்கும் பழைய தொட்டியிலிருந்து ஒரு ஸ்பாஞ்சை வாங்கி உங்கள் ஃபில்டரில் வையுங்கள். கொடுக்க மனமில்லை என்றால், அவர்கள் ஸ்பாஞ்ச் பிழியும் அழுக்குத் தண்ணீரையாவது ஒரு டம்ளர் வாங்கி உங்கள் ஸ்பாஞ்ச் மேல் ஊற்றுங்கள். அந்தப் பழுப்பு அழுக்கில் அம்மோனியாவை மாற்றும் நல்ல பாக்டீரியா நிறைய இருக்கும். நோய் வந்த தொட்டியிலிருந்து மட்டும் வாங்காதீர்கள். கொளத்தூர் வண்ணமீன் கடைகளுக்குப் போகிறவர்கள் புதுத் தொட்டி வாங்கும் முன்பே இரண்டு ஸ்பாஞ்ச் ஃபில்டர் வாங்கி, ஒன்றை நண்பர் தொட்டியில் ஒரு மாதம் ஓட விட்டு எடுத்து வந்தால், இந்த வெளுப்பைப் பெரும்பாலும் பார்க்கவே வேண்டியிருக்காது.

இவ்வளவும் செய்தால் 3 முதல் 10 நாளில் தெளியும். அதுவரை ஃபில்டரைத் தொடாதீர்கள், நிறுத்தாதீர்கள், புது மீன் விடாதீர்கள். இரண்டு வாரம் தாண்டியும் வெளுப்பு நின்றால் உணவு, மீன் எண்ணிக்கை இரண்டில் ஒன்று அதிகம். 45 லிட்டரில் ஆறு கோல்ட் ஃபிஷ் விட்டுவிட்டுத் தண்ணீர் தெளிய வேண்டும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. கோல்ட் ஃபிஷ் நிறையத் தின்று நிறையக் கழிக்கும் மீன். இந்த அளவுத் தொட்டி அதற்கு ஏற்றதே அல்ல. கப்பி, மோலி, ஃபைட்டர் போன்றவை இதற்குப் பொருந்தும்.

தூசிக் கலங்கல்

இது எளிது. கல்லையும் மணலையும் சரியாகக் கழுவாமல் போட்டதன் விளைவு. வாளியில் கால் பங்கு கல் போட்டு, தண்ணீர் விட்டுக் கையால் அலசிக் கொட்டுங்கள். அரிசி களைவது போலத்தான். எட்டு, பத்துத் தண்ணீர் பிடிக்கும். ஏற்கெனவே நிரப்பிவிட்டீர்கள் என்றால் ஃபில்டரில் ஸ்பாஞ்சுக்கு முன்னால் தலையணைப் பஞ்சு போன்ற வெள்ளை ஃபில்டர் பஞ்சு ஒரு அடுக்கு வையுங்கள். ஓரிரு நாளில் பிடித்துவிடும். பஞ்சை மட்டும் மாற்றுங்கள், ஸ்பாஞ்ச் இருக்கட்டும். தண்ணீர் ஊற்றும்போது அடியில் ஒரு தட்டு வைத்து அதன் மேல் விழுமாறு ஊற்றினால் மணல் கிளம்பாது.

பச்சைத் தண்ணீர்

ஜன்னல் வெயில் படும் தொட்டி, நாள் முழுக்க எரியும் விளக்கு, நைட்ரேட் சேர்ந்த பழைய தண்ணீர் – இந்த மூன்றும் கூடினால் பச்சை. மீனுக்கு இது பகலில் கெடுதல் இல்லை. குஞ்சு வளர்ப்பவர்கள் வேண்டுமென்றே பச்சைத் தண்ணீர் தயாரிப்பார்கள். ஆனால் இரவில் பாசியும் ஆக்சிஜன் குடிக்கும் என்பதால் விடியற்காலையில் மீன்கள் மேலே வந்து மூச்சு வாங்கலாம்.

பாதித் தண்ணீர் மாற்றுங்கள். தொட்டியைக் கனமான போர்வையாலோ கறுப்புத் தாளாலோ நான்கு பக்கமும் மூடி, நான்கு நாள் சிறு வெளிச்சமும் படாமல் விடுங்கள். ஏர் பம்ப் ஓட வேண்டும், மேலே காற்றுப் போக இடைவெளி வேண்டும், உணவு வேண்டாம், எட்டிப் பார்க்கவும் வேண்டாம். நான்காம் நாள் திறந்ததும் மறுபடி பாதித் தண்ணீர் மாற்றுங்கள். செத்த பாசி அழுகினால் அடுத்து வெளுப்பு வரும் என்பதால் இந்த இரண்டாவது மாற்றத்தைத் தவிர்க்கக் கூடாது. பிறகு விளக்கு 6 மணி நேரம் போதும். ஒரு டைமர் பிளக் மாட்டிவிட்டால் மறதிக்கு இடமில்லை. இப்படிச் செய்தும் திரும்பத் திரும்ப வந்தால் யுவி விளக்கு உள்ள சிறு ஃபில்டர் வாங்கலாம். எரியும் யுவி விளக்கை நேராகக் கண்ணால் பார்க்காதீர்கள்.

பழுப்பும் மஞ்சளும்

கட்டையிலிருந்து இறங்கும் சாயம் மீனுக்குக் கெடுதல் இல்லை. ஃபைட்டர் மீன்களுக்கு அது பிடிக்கவும் செய்யும். பார்க்கப் பிடிக்கவில்லை என்றால் கட்டையை ஒன்றிரண்டு வாரம் வாளியில் ஊற வைத்துத் தினமும் தண்ணீர் மாற்றுங்கள், அல்லது ஃபில்டரில் ஆக்டிவேட்டட் கார்பன் வையுங்கள். கார்பன் ஒரு மாதத்தில் தன் வேலையை முடித்துவிடும், மாற்ற வேண்டும்.

போர் தண்ணீர் பிடிக்கும்போது தெளிவாக இருந்து மறுநாள் செம்மஞ்சளாக மாறினால் அது இரும்பு. ஒரு டிரம்மில் பிடித்து ஏர் பம்ப் போட்டு 24 மணி நேரம் விட்டு, பிறகு பம்பை நிறுத்திப் படிய வைத்து, மேல் தண்ணீரை மட்டும் எடுங்கள்.

போடக் கூடாதவை

கிணற்றுத் தண்ணீரைத் தெளிய வைக்கும் படிகாரம் தொட்டிக்கு ஆகாது. அது பிஎச் அளவைச் சட்டென்று இறக்கும். அதிலுள்ள அலுமினியம் செவுள்களைப் பாதிக்கும். மெத்திலீன் ப்ளூ போன்ற நீல மருந்தைக் கலங்கலுக்கு ஊற்றாதீர்கள். அது நல்ல பாக்டீரியாவையும் பாதிக்கும், தொட்டியின் சிலிக்கான் ஓரத்தையும் நிரந்தரமாக நீலமாக்கும். சமையல் சோடாவும் வேண்டாம். கடினமான போர் தண்ணீரில் அது விழுந்தால் சுண்ணாம்பு பிரிந்து தண்ணீர் இன்னும் வெளுக்கும்.

மெட்ரோ தண்ணீரும் லாரித் தண்ணீரும் குளோரினோடு வரும். சோடியம் தயோசல்ஃபேட் படிகம் 10 கிராமைக் கரைத்து 100 மில்லி கரைசலாக்கி வைத்துக்கொண்டால், 10 லிட்டர் வாளிக்கு ஒன்றரை மில்லி போதும். லிட்டருக்கு 2 மில்லிகிராம் குளோரின்வரை அது முறித்துவிடும். வாளியிலேயே கலந்து பிறகு தொட்டியில் ஊற்றுங்கள்.

ஸ்பாஞ்சைக் கழுவும் நாள் மாதத்துக்கு ஒன்று. தண்ணீர் ஓட்டம் குறைந்தால் அதற்கு முன்பும். தொட்டியிலிருந்து வெளியே எடுத்த தண்ணீரில் இரண்டு மூன்று முறை பிழிந்தால் போதும், குழாய்த் தண்ணீரில் அல்ல. ஸ்பாஞ்ச் பழுப்பாகவே இருக்கட்டும். அன்றைக்கே கல்லையும் சுத்தம் செய்யாதீர்கள். ஒரு வாரம் இடைவெளி விடுங்கள். பல மணி நேரம் மின்சாரம் போயிருந்தால், மூடிய வகை ஃபில்டரைத் திறந்து முகர்ந்து பார்க்காமல் திரும்ப ஓட விடக் கூடாது. அழுகிய முட்டை வாடை அடித்தால் உள்ளே இருக்கும் தண்ணீரைச் சாக்கடையில் கொட்டி, ஸ்பாஞ்சைத் தொட்டித் தண்ணீரில் அலசிய பிறகே சுவிட்சைப் போடுங்கள்.