அமெரிக்கப் படைப்பிரிவு ஒன்றின் போர் வரலாற்றைத் தேடுவது எப்படி? (இரண்டாம் உலகப் போர்)

இரண்டாம் உலகப் போரின் அமெரிக்கத் தரைப்படையைப் பற்றித் தேட இறங்குபவர்களுக்குக் காகிதப் பஞ்சமே கிடையாது. சுட்ட அளவுக்குத் தட்டச்சும் அடித்துத் தள்ளிய ராணுவம் அது. சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. படைப்பிரிவின் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு தேடினால் எங்கேயோ போய் நிற்போம். எண்ணோடு தேதியும் வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியிலும் இதையே திரும்பத் திரும்பச் சொல்லப்போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

படி 1: அடுக்கைத் தெரிந்துகொள்ளுங்கள்

காலாட்படை டிவிஷன் ஒன்றில் சுமார் 14,000 பேர். அதற்குள் மூன்று காலாட்படை ரெஜிமென்ட்டுகள், ஒவ்வொன்றிலும் மூன்று பட்டாலியன்கள். பட்டாலியனுக்கு எழுத்துப் பெயர் கொண்ட நான்கு கம்பெனிகள்: முதல் பட்டாலியனில் ஏ முதல் டி வரை, இரண்டாவதில் இ முதல் எச் வரை, மூன்றாவதில் ஐ, கே, எல், எம். ஜே கம்பெனி கிடையாது. எங்காவது ஜே என்று கண்டால் அது ஐ-யைத் தவறாகப் படித்ததாகத்தான் இருக்கும்.

இன்னொன்று. ‘16-ஆவது இன்ஃபன்ட்ரி’ (காலாட்படை) என்று மொட்டையாக எழுதியிருந்தால் அது ரெஜிமென்ட். டிவிஷன் என்றால் அந்தச் சொல்லும் கூடவே வரும். 16-ஆவது இன்ஃபன்ட்ரி இருந்தது முதலாவது டிவிஷனில். ஆக, ‘எல் கம்பெனி, 16-ஆவது இன்ஃபன்ட்ரி’ என்ற ஒரு வரியிலிருந்தே மூன்றாவது பட்டாலியன், முதலாவது டிவிஷன் என்று பிடித்துவிடலாம்.

கம்பெனி வரை இறங்குவது அவசியமா என்று கேட்டால், 1944 ஜூன் 6-ஐப் பாருங்கள். பிரான்ஸின் நார்மண்டியில் உள்ள ஒமாஹா கடற்கரையில் இந்த 16-ஆவது ரெஜிமென்ட்டின் இ, எஃப், ஐ, எல் கம்பெனிகள் காலை 6:30-க்கு முதல் அலையில் இறங்க வேண்டும். ஐ கம்பெனியின் படகுகள் வழிதவறிக் கிழக்கே வெகுதூரம் போய், திரும்பி வந்து கரை சேர்வதற்குள் ஒரு மணி நேரத்துக்கு மேல் தாமதமாகிவிட்டது. ஒரே ரெஜிமென்ட்டுக்குள் ஒருவர் கதை இன்னொருவருக்குப் பொருந்தாது.

படி 2: விடுவிப்புச் சான்றிதழை அப்படியே நம்பாதீர்கள்

ஒரு வீரரிடமிருந்து தொடங்குகிறீர்கள் என்றால், பெரும்பாலும் முதலில் கிடைப்பது அவருடைய விடுவிப்புச் சான்றிதழ். அதில் இருக்கும் படைப்பிரிவு அவர் கடைசியாக இருந்த இடம். சண்டை போட்ட இடமாக இருக்க வேண்டும் என்றில்லை. ஐரோப்பாவில் 1945 மே மாதம் போர் முடிந்ததும், சேவைக்காலம், பதக்கம், குழந்தைகள் எல்லாவற்றுக்கும் மதிப்பெண் போட்டு, 85 எடுத்தவர்களை முதலில் வீட்டுக்கு அனுப்பினார்கள். அதற்காக ஆட்களை டிவிஷன் விட்டு டிவிஷன் மாற்றினார்கள். ஊர் திரும்ப இருந்த டிவிஷனில் கடைசி நேரத்தில் சேர்ந்தவரின் சான்றிதழில் அந்த டிவிஷனின் பெயர்தான் இருக்கும். அந்தச் சான்றிதழில் ‘போர்கள், படையெடுப்புகள்’ என்றொரு கட்டம் உண்டு. பெயரை ஓரமாக வைத்துவிட்டு முதலில் அதைப் படியுங்கள்.

படி 3: பெயர் மாறியிருக்கிறதா என்று பாருங்கள்

இதற்கு எனக்குப் பிடித்த உதாரணம் பர்மா. ‘மெரில்ஸ் மராடர்ஸ்’ என்று பத்திரிகைகள் கொண்டாடிய படையின் அதிகாரப்பூர்வப் பெயர் 5307-ஆவது காம்போசிட் யூனிட், தற்காலிகம். (ராணுவம் வைத்த பெயரில் உற்சாகம் எதுவும் தெரியவில்லை.) சுமார் 3,000 தன்னார்வலர்கள், 1943 அக்டோபர் கடைசியில் பம்பாயில் கப்பலிறங்கி, தேவ்கட்டில் பயிற்சி எடுத்து, 1944 பிப்ரவரியில் அசாமின் லீடோவிலிருந்து நடந்தே பர்மாவுக்குள் போனவர்கள். வலாபும், ந்பும் கா என்று சண்டையிட்டு, மே 17 அன்று மிச்சினா விமானத் தளத்தைப் பிடித்தார்கள். ஊர் விழுந்தது ஆகஸ்ட் 3. ஒரே வாரத்தில், ஆகஸ்ட் 10 அன்று, படையைக் கலைத்து, மிஞ்சியவர்களை 475-ஆவது இன்ஃபன்ட்ரிக்குள் சேர்த்துவிட்டார்கள். 1954-இல் அது 75-ஆவது இன்ஃபன்ட்ரி ஆனது. இன்றைய 75-ஆவது ரேஞ்சர் ரெஜிமென்ட் தன் வம்சாவளியை அங்கிருந்துதான் சொல்கிறது.

ஆக, இந்தப் படையைத் தேடுபவர் 5307, 475, 75 மூன்றையும், ‘கலஹாட்’ என்ற ரகசியப் பெயரையும் போட்டுத் தேட வேண்டும். தேதி இங்கேயும் முக்கியம். ஒருவர் 475-இல் இருந்தார் என்பதை வைத்து அவர் வலாபுமில் இருந்தார் என்று சொல்லிவிட முடியாது. கலைத்த பிறகு புதிதாகச் சேர்ந்தவர்களும் அதில் இருந்தார்கள்.

படி 4: அச்சில் வந்ததை முதலில் படியுங்கள்

அமெரிக்க ராணுவத்தின் வரலாற்று மையம், உறையின் நிறத்தால் ‘பச்சைப் புத்தகங்கள்’ என்று அழைக்கப்படும் பெரிய வரிசையை வெளியிட்டிருக்கிறது. பிடிஎஃப் வடிவில் இலவசம். எந்தப் படை எந்த வாரம் எங்கே இருந்தது என்ற வரைபடம் மனதில் பதிய இதைவிட நல்ல வழி இல்லை. போர் முடிந்த கையோடு டிவிஷன்கள் தங்கள் வீரர்களுக்காகவே அச்சடித்த மலர்களும் உண்டு. படங்கள் அருமையாக இருக்கும். தோல்விகளை மட்டும் சுருக்கமாக முடித்துவிடுவார்கள். பெயரும் படமும் எடுத்துக்கொள்ளுங்கள், தீர்ப்பை அவர்களிடம் கேட்காதீர்கள்.

படி 5: நாட்குறிப்புக்கு இறங்குங்கள்

மூல ஆவணங்கள் மேரிலாந்தின் காலேஜ் பார்க்கில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. தொகுதி எண் (ரெக்கார்ட் குரூப்) 407. கோப்புக் குறியீடு முதலில் மிரட்டும், ஆனால் சுலபம்தான்: காலாட்படை டிவிஷன் எண்ணுக்கு முன்னால் ஒரு 3. முதலாவது டிவிஷன் 301, இருபத்தொன்பதாவது 329.

அங்கே இரண்டு வகை முக்கியம். ஒன்று, ஆஃப்டர் ஆக்‌ஷன் ரிப்போர்ட். மாதக் கடைசியில் உட்கார்ந்து எழுதியது, ஒழுங்காக இருக்கும். இன்னொன்று, யூனிட் ஜர்னல், அதாவது படைப்பிரிவின் நாட்குறிப்பு. வந்த செய்தியை வந்த நேரத்தோடு குறித்தது. அரைகுறை வாக்கியங்கள், பத்து நிமிடம் கழித்து மறுக்கப்படும் தகவல்கள், எந்தக் கம்பெனி எங்கே என்று தெரியாத தவிப்பு எல்லாம் இதில்தான் கிடைக்கும். இரண்டும் முரண்பட்டால் நான் ஜர்னல் பக்கம்தான் சாய்வேன்.

ஜர்னலில் இடங்கள் ஊர்ப் பெயராக அல்லாமல், வரைபடக் கட்டத்தைக் குறிக்கும் ஆறு இலக்க எண்களாக வரும். இன்றைய வரைபடத்தில் அவை உதவாது. அந்தக் காலத்து ராணுவ வரைபடத் தாளே வேண்டும். பிரான்ஸுக்கு பிரிட்டிஷ் ராணுவம் அச்சிட்ட ஜிஎஸ்ஜிஎஸ் 4250 வரிசை.

படி 6: மார்னிங் ரிப்போர்ட்

கம்பெனிக்கு ஒன்று, நாளுக்கு ஒன்று. கம்பெனி எழுத்தர் அடித்த சின்னப் படிவம். யார் புதிதாகச் சேர்ந்தார், யார் மருத்துவமனை போனார், யார் காணவில்லை, கம்பெனி எங்கே நிற்கிறது என்று இருக்கும், பாதி வார்த்தைகள் சுருக்கக் குறியீடுகளாக. மாற்றம் இருந்தவர் பெயர் மட்டுமே வரும். ஒருவர் பெயர் பல வாரங்கள் வராவிட்டால் அவர் அங்கே இல்லை என்று அர்த்தமில்லை, அவருக்கு ஒன்றும் ஆகவில்லை என்றுதான் அர்த்தம். கடும் சண்டை நாட்களில் பதிவு தாமதமாகும். எனவே நீங்கள் தேடும் நாளுக்குப் பிறகு வரும் இரண்டு மூன்று வாரங்களையும் சேர்த்துப் பாருங்கள்.

இவை இருப்பது மிசௌரி மாநிலத்தின் செயின்ட் லூயிஸில் உள்ள அரசு ஆவண மையத்தில். அங்கே 1973 ஜூலை 12-இல் பிடித்த தீயில், 1912 நவம்பருக்கும் 1960 ஜனவரிக்கும் இடையில் விடுவிக்கப்பட்ட தரைப்படையினரின் தனிநபர்க் கோப்புகளில் சுமார் 80 சதவீதம் அழிந்தன. ‘கோப்பு எரிந்துவிட்டது’ என்ற பதில் வந்ததும் பலர் அத்தோடு விட்டுவிடுகிறார்கள். மார்னிங் ரிப்போர்ட்டுகள் அந்தத் தீயில் போகவில்லை. கம்பெனியின் முழுப் பெயர், ரெஜிமென்ட், மாதம், ஆண்டு நான்கையும் எழுதிக் கேளுங்கள். ‘1944 முழுவதும்’ என்று கேட்பதைவிட ‘1944 ஜூன், ஜூலை’ என்று கேட்பது நல்லது. அதற்கு முன் காப்பகத்தின் இணையப் பட்டியலிலும் ஒருமுறை தேடிவிடுங்கள். ஒரு பகுதியை ஸ்கேன் செய்து இலவசமாகவே போட்டிருக்கிறார்கள்.