வீட்டுலயே புள்ளைக்கு படிப்பிக்க போறீங்களா? பிளான் போடுறப்ப நடக்குற தப்புகள்

ஹட்டன், தலவாக்கலை, பண்டாரவளை பக்கம் எல்லாம் இப்ப சில அம்மா அப்பா ஸ்கூல விட்டுட்டு வீட்டுலயே படிப்பிக்கலாமான்னு யோசிக்கிறாங்க. யோசிக்கலாம், ஆனா சொல்லாம கொள்ளாம புள்ளைய நிப்பாட்டிறாதீங்க. நம்ம இலங்கைல 5 வயசுல இருந்து 16 வரைக்கும் கட்டாயக் கல்வி, முந்தி 14 தான், 2016ல கூட்டினாங்க. அதனால மொதல்ல அதிபர்கிட்டயும் வலயக் கல்வி ஆபீஸ்லயும் போய் பேசுங்க, பேசினத எழுத்துலயும் வாங்கி வச்சிக்கோங்க.

அடுத்தது, கடைசில எந்த பரீட்சைன்னு முடிவு பண்ணாமலே ஆரம்பிக்கிறது. இதுதான் எல்லாத்தையும் விட பெரிய தப்புன்னு நான் சொல்லுவேன். லோக்கல் ஓ எல் (சாதாரண தரப் பரீட்சை)னா சமயம், தமிழ், இங்கிலீஷ், கணிதம், விஞ்ஞானம், வரலாறு இந்த 6ம் கட்டாயம், அதுக்கு மேல தொகுதிப் பாடம், அதாவது நாமளே தெரிவு செய்யுற பாடம் 3. அதுல சங்கீதமோ நடனமோ எடுத்தா செய்முறைப் பரீட்சையும் இருக்கு, அத யாரு பழக்குறதுன்னு இப்பவே பாக்கணும். தனியார் பரீட்சார்த்தியா எழுதுறதுன்னா விண்ணப்பம் நீங்களே போடணும், அடையாள அட்டையும் நேரத்துக்கு கையில இருக்கணும், இதெல்லாம் ஸ்கூல்ல படிக்கிற புள்ளைக்கு அங்கயே பாத்துக்குவாங்க. லண்டன் சிலபஸ் (கேம்பிரிட்ஜ் மாதிரி வெளிநாட்டுப் பரீட்சை)னா ஒவ்வொரு பாடத்துக்கும் தனித்தனியா பீஸ், தோட்டத்து சம்பளத்துல அது லேசு இல்ல.

அத முடிவு பண்ணாட்டி என்ன ஆகும்னா கொஞ்சம் கேம்பிரிட்ஜ் புத்தகம், கொஞ்சம் தமிழ்நாட்டு யூடியூப், கொஞ்சம் நம்ம பாடப்புத்தகம்னு கலந்துருவோம். தமிழ்நாட்டு வீடியோல ஒளிச்சேர்க்கை, செல், அழுத்தம்னு படிச்ச புள்ள இங்க பேப்பர்ல ஒளித்தொகுப்பு, கலம், அமுக்கம்னு பாத்தா முழிக்கும், வெடை தெரிஞ்சும் மார்க்ஸ் போயிரும். வீடியோ பாக்கட்டும், தப்பில்ல, ஆனா நோட்ஸ் எழுதுறது நம்ம புத்தகத்துல உள்ள வார்த்தைல தான். கல்வி வெளியீட்டுத் திணைக்களத்து வெப்சைட்ல புத்தகம் சும்மாவே டவுன்லோட் பண்ணலாம், ஆசிரியர் வழிகாட்டி தேசிய கல்வி நிறுவகத்துல கிடைக்கும். காசு குடுத்து கட்டு கட்டா கைடு வாங்க முந்தி இந்த ரெண்டையும் பாருங்க. வழிகாட்டிய நெறய பேர் தொறக்கிறதே இல்ல, ஆனா எந்த பாடத்துக்கு எத்தன பாடவேளைன்னு அதுல தான் போட்டிருக்கு.

அதுக்காக காலைல ஏழரைக்கு மணி அடிச்சி ஒன்றரை வரைக்கும் புள்ளைய கதிரைல உக்கார வைக்காதீங்க. ஸ்கூல்ல நாப்பது புள்ளைக்கு ஒரு டீச்சர், வரவு எடுக்கிறது, கொப்பி திருத்துறது, சத்தம் அடக்குறதுலயே பாதி நேரம் போயிரும். ஒரு புள்ளைய பக்கத்துல வச்சி சொல்லிக் குடுக்கிறதுக்கு அவ்வளவு நேரம் எதுக்கு? சின்ன வகுப்புன்னா காலைல ரெண்டு மணித்தியாலம் ஒழுங்கா இருந்தாலே மிச்சத்துக்கு வெளிய விடலாம். வெளியவும் கணக்கு தான். 100 கிலோ பச்சக் கொழுந்து பேக்டரிக்கு போனா தேயிலத் தூளா சுமாரா 22 கிலோ தான் வரும், அப்ப எத்தன வீதம் தண்ணியா போச்சுன்னு கேளுங்க. நிறுவைல தண்ணிக்கு கழிக்கிறது, அரைப்பேர் (அரை நாள் சம்பளம்) போடுறது, இதெல்லாம் புள்ளைக்கு கண்ணு முன்னால நடக்குற சதவீதமும் பின்னமும்.

வருசம் முழுக்க ஒரே மூச்சுல பிளான் போடுறதும் வேல செய்யாது, ஹட்டன், தலவாக்கலை பக்கம் ஜூன் ஜூலை மழைல கரண்டும் இல்ல சிக்னலும் இல்ல, அதோட திருவிழா, காய்ச்சல், வீட்டுல விருந்தாளி. நாலு வாரத்துக்கு மட்டும் எழுதுங்க, அதுல ஒரு வாரத்த வெறுமையா விடுங்க, பின்தங்கினத புடிக்க. கரண்டு வேணாத வேலைய மழை மாசத்துக்கு ஒதுக்குங்க.

இன்னொன்னு சிங்களம். வீட்டுல இருக்கிற புள்ளைக்கு அது காதுலயே விழாது, பிறகு டவுன்ல வேலைக்கு போறப்ப தெரியும் கஷ்டம். வாரத்துல ஒரு நாளாவது கடைக்கோ கிரவுண்டுக்கோ அனுப்பி மத்த புள்ளைகளோட பேச விடுங்க, அறநெறி வகுப்போ சர்ச்சோ இருந்தா அதையும் நிப்பாட்டாதீங்க.

கொப்பிகள வருசம் முடிஞ்சதும் பழைய பேப்பர் கடைக்கு போடாதீங்க. மாசத்துக்கு ஒரு சின்ன டெஸ்ட் வச்சி திகதி போட்டு பைல்ல கோர்த்து வைங்க. நாளைக்கு மறுபடி ஸ்கூல்ல சேக்கணும்னு வந்தா எந்த தரத்துக்கு எடுக்கிறதுன்னு அவங்க கேக்குறப்ப உங்க கையில காட்ட இருக்கிறது அந்த பைல் தான்.